வயல் எலியும் மஞ்சள் தும்பியும்: ஒரு போகத்துக்குள் இரண்டு கணக்குகள்

ஒக்டோபர் மழை விழத் தொடங்கி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், உழவு மெசின் இறங்கும் நாட்களில் இரண்டு உயிர்கள் கண்ணில் படத் தொடங்கும். வரம்பின் ஓரத்தில் புதிதாகத் தள்ளிய ஈரமண் குவிந்து கிடந்தால் உள்ளே வயல் எலி இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், பொன்மஞ்சள் தும்பிகள் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். முன்னதைக் கண்டால் விவசாயிக்கு வயிறு எரியும். பின்னதைக் கண்டால் 'தும்பி பறந்தால் தூரத்தில் மழை' என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒன்று பாலூட்டி, மற்றது பூச்சி. ஒன்று நெல்லைத் தின்கிறது, மற்றது நெல்லைத் தொடுவதே இல்லை. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும் நிலம் இது. சில மாதம் தண்ணீரும் தீனியும் நிறைந்து கிடக்கும், அப்புறம் காய்ந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ஓர் உயிர் எப்படிப் பிழைப்பது? எலி கிடைத்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தும்பி கிளம்பிப் போய்விடுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எலியை எப்போது எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும், மருந்து விசிறியை எப்போது தோளில் போடக் கூடாது என்பது இரண்டும் தெளிவாகும். அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் எலி. நம் வயல்களில் பல எலி இனங்கள் உண்டு. வீட்டுக் கூரையில் ஓடும் கறுப்பெலி வயலுக்கும் வரும், சிறிய வயல் சுண்டெலியும் உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது வரம்பைக் குடையும் அந்தத் தடித்த, மண்ணிற எலியை. அதன் விஞ்ஞானப் பெயர் பண்டிகோட்டா பெங்காலென்சிஸ். பெரிய பெருச்சாளியின் சின்னத் தம்பி என்று சொல்லலாம். இந்தியா, வங்காளதேசம், இலங்கை என்று நெல் விளையும் தெற்காசியா முழுவதும், மியன்மாரிலும் இருக்கிறது. வளர்ந்த எலி ஏறத்தாழ கால் கிலோ நிறை இருக்கும், சில அதற்கும் மேல். நன்றாக நீந்தும். மூர்க்கமானது. மூலையில் மடக்கினால் பின்வாங்காமல் எதிர்த்து நிற்கும், மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும்.

அதன் உண்மையான திறமை மண்வேலை. ஒரு வளைக்குள் பல வழிகள், படுக்க ஓர் அறை, நெல் சேர்க்க வேறு அறைகள் என்று இருக்கும். உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துவிடும். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரு பெரிய எலிதான், தாயும் குஞ்சுகளும் என்றால் தவிர. கதிர் முற்றும் காலத்தில் தாளைச் சாய்வாக வெட்டி, கதிரை இழுத்துக்கொண்டு போய் அறையில் அடுக்கும். ஒரு வளையில் ஒரு கிலோவுக்கு மேலும் நெல் கிடைப்பதுண்டு. தெற்காசியாவில் காணி இல்லாத ஏழைக் குடும்பங்கள் அறுவடைக்குப் பிறகு எலி வளைகளைத் தோண்டி அந்த நெல்லை எடுத்து உண்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குச் சோறாகும் அளவு நெல் வரம்புக்குள் போகிறது என்றால் இழப்பின் அளவை யோசித்துப் பாருங்கள். அதோடு வரம்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் இரவோடிரவாக இறங்கிவிடும். வரம்பில் தண்ணீர் விடும் திறப்பான வக்கடையை எவ்வளவு கவனமாகக் கட்டியும் காலையில் வயல் வற்றிக் கிடப்பதன் காரணம் பல நேரம் இந்த வளைகள்தான்.

பற்களையும் சொல்ல வேண்டும். முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் கடினமான செம்மஞ்சள் மிளிரி, பின்பக்கம் அதைவிட மென்மையான பகுதி. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் பல் தானாகவே உளிபோலக் கூராகிறது. கொறிக்காமல் இருந்தால் பல் வளர்ந்து வாயையே அடைத்துவிடும். எலி தேவைக்கு மேல் வெட்டித் தள்ளுவதை வெறும் கொழுப்பு என்று நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது தும்பி. பந்தலா பிளேவசன்ஸ் என்ற இந்த இனத்துக்கு 1798இல் டென்மார்க் பூச்சியியலாளர் பப்ரீசியஸ் விஞ்ஞானப் பெயர் வைத்தார். உடல் ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர், இறக்கையை விரித்தால் எட்டு சென்ரிமீற்றர் அளவு. நிறை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கால் கிலோ எலியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. மற்றத் தும்பிகள் குளக்கரையில் ஒரு நாணல் நுனியைத் தன் இடமாக வைத்துக்கொண்டு அங்கேயே சுற்றும். இது அப்படியில்லை. மணிக்கணக்காக வானில் மிதந்தபடியே இரை பிடித்துத் தின்னும். இளைப்பாறும்போது மட்டும் ஒரு சுள்ளியில் செங்குத்தாகத் தொங்கும். பின்னிறக்கையின் அடிப்பகுதி அகன்றிருப்பதால் அதிகம் சிறகடிக்காமலே காற்றில் சறுக்கிப் போக முடிகிறது. மழைக்கு முன்னும் பின்னும் விளையாட்டு மைதானங்களுக்கு மேலே இவை கூட்டம் கூட்டமாக வட்டமிடுவதைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு.

இந்த மிதப்பின் எல்லை எதுவரை என்பது அண்மைக் காலத்தில்தான் விளங்கியது. மாலைதீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன் ஆண்டுதோறும் ஒக்டோபரில் மாலே நகருக்குத் தும்பிகள் திரளாக வருவதைக் கவனித்தார். மாலைதீவு பவளத் தீவுகளால் ஆனது. தும்பி முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கத் தக்க ஆறோ குளமோ அங்கே கிடையாது என்றே சொல்லலாம். அப்படியானால் இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? பல ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 2009இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொன்னது. இந்தியாவில் தென்மேல் பருவமழையில் பிறந்த தும்பிகள், காற்று மாறும்போது மழைமேகப் பட்டையோடு தெற்கே நகர்ந்து, மாலைதீவையும் சீசெல்ஸையும் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றன. அங்கே மழைக்குட்டைகளில் அடுத்த தலைமுறை பிறக்கிறது. பிறகு தென்மேல் காற்றோடு அவற்றின் சந்ததி திரும்பி வருகிறது. முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீற்றர். நாலு தலைமுறை சேர்ந்துதான் அந்தச் சுற்றை முடிக்கின்றன. போன தும்பி திரும்பி வருவதில்லை, அதன் பேரனோ கொள்ளுப்பேரனோதான் வருகிறது.

2012இல் வெளியான இன்னோர் ஆய்வு மாலைதீவில் பிடித்த தும்பிகளின் இறக்கையில் உள்ள ஐதரசன் வகைகளை அளந்தது. தும்பி பிறந்து வளர்ந்த குட்டையின் தண்ணீர் எந்தப் பிரதேசத்து மழை என்பதற்கான தடயம் இறக்கையில் பதிந்திருக்கும். அதன்படி அவை வட இந்தியப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று தெரிந்தது. 2021இல் வந்த கணிப்பு ஆய்வு, உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு இந்தத் தும்பி ஏறத்தாழ 90 மணி நேரம் பறக்கக்கூடும் என்றும், சாதகமான காற்று கிடைத்தால் கடலைக் கடப்பது சாத்தியம் என்றும் காட்டியது. அண்டர்ட்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் இந்த இனம் இருக்கிறது. தூரதேசத் தும்பிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், உலகம் முழுக்க ஒரே கூட்டம்போல அவை கலந்திருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. 'தும்பி பறந்தால் தூரத்தில் மழை' என்ற பழமொழியைச் சொன்னவர்களுக்கு மரபணு தெரியாது. ஆனால் தும்பி தூரத்து மழையோடு வரும் உயிர் என்பதைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். என் மனதை இவ்வளவு நெகிழ வைக்கும் அறிவியல் கண்டுபிடிப்புகள் அதிகமில்லை.

எலிக்கு இந்த உலகமெல்லாம் தெரியாது. தீனி இருக்கும்வரை அதன் நடமாட்டம் வளையைச் சுற்றிச் சில பத்து மீற்றருக்குள் அடங்கிவிடும். அறுவடை முடிந்து வயல் வெறுமையானால் பற்றைக் காட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் வீட்டு வளவுக்கும் நகரும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இரண்டும் சுவையானவை. இதே எலி தானியக் கப்பல்களில் ஏறிப் பினாங்கு, சுமாத்திரா, யாவா வரை போய்க் குடியேறியிருக்கிறது. இதே தும்பியோ பசிபிக்கின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவில் குடியேறி, அங்கே உள்ள ஒரே தும்பி இனமாக வாழ்கிறது. அந்தத் தீவுத் தும்பிகள் கடல்பக்கம் போகாமல் தரையோடு ஒட்டிப் பறக்கின்றன என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு சின்னத் தீவில் உயரப் பறந்தவை காற்றோடு போய்விட, தாழப் பறந்தவை தங்கிச் சந்ததி பெருக்கியிருக்க வேண்டும். ஆக, ஓர் இனத்தின் குணம் கல்லில் எழுதியது இல்லை. இடம் அதை மாற்றும்.

சரி, வட்டைக்கு வருவோம். நாங்கள் பெரும்பாலும் விதைப்பது மூன்று மாத, மூன்றரை மாத நெல். மூன்றரை மாதம் என்றால் 105 நாள். இந்த இரண்டு உயிர்களும் தங்கள் இனப்பெருக்கத்தை அந்த நாட்களுக்குள் எப்படிப் பொருத்துகின்றன என்பதுதான் விஷயத்தின் நடு.

தும்பிக்கு அவசரம். குட்டை வற்றுவதற்குள் பிள்ளை பறந்துவிட வேண்டும். பெண் தும்பி பளபளக்கும் நீர்ப்பரப்பைக் கண்டதும் வாலைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். மழையில் நனைந்த தார் வீதியையும் கார் பொனெற்றையும் தண்ணீர் என்று ஏமாந்து அங்கும் முட்டையிடுவதுண்டு. ஏனென்றால் ஒளி நீரில் பட்டுத் திரும்பும் விதத்தை வைத்துத்தான் அது நீரை அடையாளம் காண்கிறது. புதிதாகத் தண்ணீர் கட்டிய வயல் இதற்கு மிகவும் ஏற்ற இடம். மீன் இன்னும் பெருகவில்லை, வெயில் பட்டுத் தண்ணீர் சூடாக இருக்கிறது, நுளம்புக் குடம்பிகளும் நுண்ணுயிர்களும் நிறைந்து கிடக்கின்றன. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி சேற்றின் மேல் அசையாமல் கிடந்து, மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டி இரையைக் கவ்வும். மூச்சு விடுவது உடலின் பின்முனைக்குள் இருக்கும் செவுளால். அதே வழியாக நீரைப் பீய்ச்சி முன்னே பாயவும் முடியும். தண்ணீர் சூடாக இருந்தால் ஏறத்தாழ 40 நாளில், தாமதித்தால் 65 நாள் அளவில், நெல் தாளில் ஏறித் தோலைக் கழற்றிப் பறந்துவிடும். மற்றப் பெரிய தும்பிகள் பலவற்றுக்குப் பல மாதம், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கு எடுக்கும். பறந்ததும் பிறந்த வயலில் தங்காது. நெல் குடலை தள்ளும் வேளையில், அதாவது கதிர் வெளிவராமல் தாளுக்குள் உருவாகும் வேளையில், தும்பி தன் வேலையை முடித்துக் கிளம்பிவிடுகிறது.

எலிக்கோ குடலையில்தான் கணக்குத் தொடங்குகிறது. போகத்தின் தொடக்கத்தில் வட்டையில் இருப்பவை சில எலிகள்தான், கோடையைக் கடந்து பிழைத்தவை. பயிர் உயர்ந்து மறைவு கிடைத்து, குடலைக்குள் இனிப்பான இளங்கதிர் உருவாகும்போது பெண் எலிகள் சினைப்படுகின்றன. மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சினைக்காலம். ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் சாதாரணம், அதற்கு மேலும் போகும். கதிர் முற்றும் நேரத்தில் குட்டிகள் பால் மறக்கின்றன. வெட்டு மெசின் சிந்திவிட்டுப் போகும் நெல்லில் அவை வளர்கின்றன. ஏறத்தாழ மூன்று மாதத்தில் அவையும் குட்டி போடத் தயார். உடனே சிறுபோகம் தொடங்கினால் மறுபடியும் குடலை, மறுபடியும் சினை. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் நீர் பாயும் அம்பாறை வயல்களில் இரண்டு போகமும் செய்கிறார்கள். அங்கே எலிக்குப் பட்டினிக் காலம் சுருங்கிவிடுகிறது. அந்த நீர்த்தேக்கத்தைக் கட்டிய, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மனிதருக்குக் கொடுத்த சோற்றில் எலிக்கும் ஒரு பங்கு போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் 'எலி கெடுதி, தும்பி நன்மை' என்று முடித்துவிட மனம் வரும். அப்படி முடித்தால் இரண்டு உண்மைகள் விடுபட்டுப் போகும். எலி இல்லையென்றால் கூகை, சாரைப் பாம்பு, நாகம், நரி, கீரி எல்லாவற்றின் உணவும் குறையும். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடவில் நீர்ப்பாசன நெல்வயல் ஒன்றை ஆராய்ந்தபோது 494 வகை முதுகெலும்பற்ற உயிர்களும் 103 வகை முதுகெலும்புள்ள உயிர்களும் பதிவாகின. அந்தப் பின்னலில் எலியும் ஓர் இழை. மறுபக்கம், தும்பி இருந்தால் டெங்கு வராது என்று சிலர் நம்புகிறார்கள். தும்பி நுளம்பைத் தின்பது உண்மை, நீரில் இருக்கும் அதன் இளவுயிரி குடம்பிகளைத் தின்பதும் உண்மை. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது வீட்டைச் சுற்றியுள்ள ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு போன்றவற்றில். தும்பி அங்கே போவதில்லை. மியன்மாரின் யாங்கோன் நகரில் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் சிவப்புத் தும்பி இனம் ஒன்றின் இளவுயிரிகளை மனிதரே கொண்டுபோய் விட்டுப் பார்த்தபோது நுளம்பு நன்றாகக் குறைந்தது. அது ஊர் சேர்ந்து செய்த வேலையின் பலன். வானில் பறக்கும் தும்பியை நம்பிச் சிரட்டையைக் கவிழ்க்காமல் விடக்கூடாது.

எலியால் வரும் நோயைப் பற்றி மட்டும் தயங்காமல் சொல்லவேண்டும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் பக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் வாழ்ந்து, சிறுநீரோடு வயல் நீரில் கலக்கிறது. காலில் இருக்கும் சின்னச் சிராய்ப்பே அதற்குப் போதுமான வாசல். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோர் இந்தக் காய்ச்சலுக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் ஆபத்து கூடும். 2011 ஜனவரி வெள்ளம்போல வட்டை முழுவதும் முழுகும்போது எலிகள் மேட்டுநிலத்துக்கும் வீட்டுக்கும் ஏறும், மனிதரும் அதே மேட்டில்தான் இருப்பார்கள். வயலில் இறங்குபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் டொக்சிசைக்கிளின் மாத்திரையை எப்போது, எப்படி எடுப்பது என்று சொல்லித் தருவார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், வயலில் இறங்கிய விஷயத்தை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தாமதித்தால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகும்.

இனி, இருந்து சேமிப்பதும் கிளம்பிப் போவதும் நமக்கு என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். எலி உள்ளூர் ஆள். அதனால் உள்ளூரிலேயே அதைக் கட்டுப்படுத்த முடியும், ஆனால் தனியாள் வேலையாக அது நடக்காது. என் வயலில் மட்டும் நஞ்சு வைத்தால் அடுத்தவர் வரம்பில் இருக்கும் எலி சில நாளில் காலி வளையைப் பிடித்துக்கொள்ளும். புதிய தீனியைக் கண்டால் எலி கொஞ்சமாகத்தான் கொறித்துப் பார்க்கும். சாகாத அளவு நஞ்சு உடலில் போய் வருத்தம் வந்தால் அந்தத் தீனியைப் பிறகு தொடாது. ஆகவே கதிர் வந்த பிறகு அவசரத்தில் வைக்கும் நஞ்சு பெரும்பாலும் வீண், அதைத் தின்று கிடக்கும் எலியைத் தின்னும் கூகைக்கும் கேடு. மின்கம்பி போடுவதைப் பற்றிப் பேசவே கூடாது, அது மனிதரைக் கொல்கிறது. பயன் தருவது முன்கூட்டிய வேலை: விதைப்புக்கு முன்னும் பயிர் இளசாக இருக்கும்போதும், பெண் எலிகள் சினைப்படுவதற்கு முன், வட்டை முழுவதும் ஒரே கிழமையில் வளை வெட்டுவது, வாய்க்கால் கரையின் பற்றையை வெளியாக்குவது, வரம்பை 30 சென்ரிமீற்றருக்கும் குறைவான அகலத்தில் வைத்திருப்பது. ஒடுங்கிய வரம்பில் எலியால் அறை கட்ட முடியாது. எல்லோரும் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடித்தால் குடலைக் காலமும் வட்டை முழுவதும் ஒன்றாக வந்து ஒன்றாக முடியும். ஆளுக்கொரு நாளில் விதைத்தால் எலிக்குக் குடலை இரண்டு மூன்று மாதம் நீள்கிறது.

தும்பியோ உள்ளூர் ஆள் இல்லை. அது கடந்து போகும் பாதை முழுவதையும் நாங்கள் காக்க முடியாது. எங்கள் கையில் இருப்பது அது நீரில் கிடக்கும் அந்த நாற்பது நாள் மட்டுமே. ஜப்பானில் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு நாற்றுப் பெட்டிகளில் பயன்படுத்திய புதியவகைப் பூச்சிகொல்லிகளால் நெல்வயல் சிவப்புத் தும்பி பெருமளவு குறைந்தது என்று அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு எதிர்ப்பக்கமாக வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்தில் அதே 1990களில் ஓர் இயக்கம் நடந்தது. விதைத்த முதல் 40 நாளுக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்பதுதான் அதன் ஒற்றை வேண்டுகோள். இளம்பயிரின் இலையைப் புழு சுருட்டினாலும் தின்றாலும், பயிர் பெரும்பாலும் புது இலை விட்டு ஈடுசெய்துவிடும். விளைச்சல் குறையாது. மாறாக, தொடக்கத்திலேயே அடித்த மருந்து சிலந்திகளையும் தும்பி இளவுயிரிகளையும் கொன்றுவிட, பின்னால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபில நிறத் தத்திகள் தடையில்லாமல் பெருகும். அந்தப் பிரசாரத்துக்குப் பிறகு விவசாயிகள் ஒரு போகத்துக்கு அடிக்கும் மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலிக்கு எதிராக வேலை செய்ய வேண்டிய நாட்களும், தும்பிக்காக மருந்து விசிறியை இறக்கி வைக்க வேண்டிய நாட்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: விதைத்த நாளிலிருந்து குடலைக்கு முன் வரை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியையும் விதைப்பு முடிக்கும் திகதியையும் தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில், வட்டையின் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானைமார் இன்னும் இரண்டு திகதியை எழுதிக்கொள்ளலாம். ஒன்று, வட்டை முழுவதும் சேர்ந்து எலிவளை வெட்டும் கிழமை. மற்றது, அதற்கு முன்னர் யாரும் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்ற நாற்பதாவது நாள். வளை வெட்டப் போகிறவர்கள் காலில் புண் இருந்தால் அன்று இறங்க வேண்டாம், இறங்குபவர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்கட்டும்.